கேட்பது அயன்மொழியில், கெடுவது நம் கரை!

எம் பள்ளிக்கும் கடலுக்கும் இடையே ஒரு கூப்பிடு தொலைவுதான். வகுப்பில் நெய்தல் திணையை நடத்துகையில் பலகணி வழியே உப்புக்காற்று வந்து பொத்தகத்தின் தாளைப் புரட்டும். அக்காற்றின் நடுவே முப்பதாண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகின்றேன். ஒரு மாலை, என்னிடம் முன்பு படித்த மாணவன் ஒருவனின் தந்தையார் கையில் ஒரு தாட்கட்டுடன் வீட்டு வாயிலில் வந்து நின்றார். கடல்தொழில் செய்பவர்.

"ஐயா, அடுத்த கிழமை நம் கடற்கரையைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்களாம். என்ன கேட்கிறார்கள் என்பது இதில் இருக்கிறதாம். படித்துச் சொல்லுங்கள்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை ஆங்கிலம். நானும் கல்லூரியில் ஆங்கிலம் பயின்றவன்தான். ஆயினும், அத்தாள்களில் இருந்தது நான் பயின்ற ஆங்கிலமன்று. குறுக்கெழுத்துகளும் கணக்குகளும் சட்டச் சொற்களும் பின்னிக் கிடந்த காடு. மூன்று மாலைகள் அகரமுதலியும் கையுமாக அமர்ந்தேன். பாதிக்கு மேல் விளங்கவில்லை. விளங்கிய பாதியை அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்:

"எல்லாம் சரி ஐயா. இது எங்கள் கரையைப் பற்றியதுதானே? பிறகு ஏன் இதை எங்களுக்கு எழுதவில்லை?"

அவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடையில்லை.

அடுத்த கிழமை அவரோடு கூட்டத்துக்குச் சென்றேன். மாவட்டத் தலைநகரில், முற்பகல் பதினொரு மணிக்குக் கூட்டம். இரவெல்லாம் கடலில் இருந்து விடியலில் கரையேறி, மீனை விற்று, வலையை உதறி வைத்துவிட்டுப் பேருந்து ஏறி வந்தவர்கள் அரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருந்தனர். சுவரில் ஒரு பெரிய படம். அதில் பல நிறங்கள். பெயர்களெல்லாம் ஆங்கிலத்தில். முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இதில் எங்கள் குப்பம் எங்கே இருக்கிறது?" என்றார். அலுவலர் ஒருவர் கோலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். முதியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அது ஆறு ஐயா" என்றார். அரங்கில் சிலர் சிரித்தனர். என்னால் சிரிக்க முடியவில்லை.

தமிழன்பர்களே! இஃது ஓர் ஊரின் கதையன்று. திருவள்ளூர் தொடங்கிக் குமரி ஈறாக 14 மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் நம் கரையின் வருங்காலம் இவ்வாறுதான் 'கேட்டு' முடிவு செய்யப்படுகிறது. ஆகலின், அம்மீனவத் தோழரின் வினாவை உங்கள் முன் வைக்கின்றேன்.

சட்டம் சொல்வது என்ன?

கரையைப் பற்றிய கருத்துக்கேட்பு இருவகைப்படும். துறைமுகம், அனல்மின் நிலையம் முதலிய தனித்தனித் திட்டங்களுக்காகக் கேட்பது ஒன்று. 2006 செப்தம்பர் 14-ஆம் நாள் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதற்கு வழிவகுத்துள்ளது. கரை முழுமைக்கும் வரையப்படும் மேலாண்மைத் திட்டப் படத்துக்காகக் கேட்பது மற்றொன்று. 'கடலோர ஒழுங்குமுறை மண்டலம்' என்று அரசு பெயரிட்டு 1991, 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட அறிவிக்கைகள் அதற்கு அடிப்படை.

2006-ஆம் ஆண்டு அறிவிக்கையைச் சற்றே பிரித்துப் பாருங்கள். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம் செய்ய வேண்டும். திட்டத்தின் சுருக்கம் ஆங்கிலத்தில் மட்டுமன்றி வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவர் சார்பாளரோ தலைமை ஏற்க வேண்டும். நடந்தவை அனைத்தும் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். கூட்டம் முடியும்போது, யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பதன் தொகுப்பை வந்திருந்தோர்க்கு அவர்தம் மொழியில் படித்து விளக்க வேண்டும். அதன் பின்னரே ஆட்சியர் அன்றே கையொப்பமிட வேண்டும்.

இவை என் விருப்பங்கள் அல்ல; தில்லியே எழுதிய நெறிகள். எத்தனைக் கூட்டங்களில் இறுதித் தொகுப்பு தமிழில் படித்துக் காட்டப்பட்டது என்று உங்கள் ஊர் மீனவரைக் கேட்டுப் பாருங்கள். படித்துக் காட்ட வேண்டும் என்பதே பலர்க்குத் தெரியாது. தெரியாத உரிமையை யார் கேட்பார்?

நெறியிலேயே உள்ள ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டுமே. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை ஆங்கிலத்திலேயே கிடக்கும். எங்கே மணல் அரிக்கும், எவ்வளவு வெந்நீர் கடலில் கலக்கும், எந்தத் துறை மூடப்படும் என்பன முழு அறிக்கையின் வயிற்றுக்குள் இருக்கும். சுருக்கத்தில் இருப்பது வேலைவாய்ப்பும் பசுமைப் பட்டையும். அச்சுருக்கத்தை எழுதுபவர் யார்? திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனம் கூலி கொடுத்து அமர்த்திய அறிவுரைஞர். மணமகனின் நற்சான்றை மணமகன் வீட்டாரே எழுதி நீட்டுவது போன்றது இது. அந்நற்சான்றையும் முழுதாகப் படிக்கக் கூடாதாம். நாலு வரி போதுமாம்!

அந்நாலு வரியின் தமிழையாவது பாருங்கள். 'சி.ஆர்.இசட்.' என்றும் 'எச்.டி.எல்.' என்றும் ஆங்கில முதலெழுத்துகளைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து வைத்துவிட்டு, "தமிழில் தந்துவிட்டோம்" என்கின்றனர். கடல்நீர் ஏறி இறங்குவதற்கு ஓதம் என்று பெயரிட்டு ஈராயிரம் ஆண்டுகள் ஆயின. ஓதம் உயர்ந்து நிற்கும் எல்லையை 'உயர் ஓதக் கோடு' என்றால் கரையில் நிற்கும் சிறுவனுக்கும் விளங்கும். விளங்கிவிடக் கூடாது என்பதுதான் நோக்கமோ என ஐயுற வேண்டியுள்ளது.

இரண்டு மில்லிமீட்டருக்குள் ஓர் ஊர்

இனிப் படத்துக்கு வருவோம். மேலாண்மைத் திட்டப் படங்கள் 1:25,000 என்னும் அளவில் வரையப்படுகின்றன. இதன் பொருள் என்ன? படத்தில் ஒரு செண்டிமீட்டர், நிலத்தில் 250 மீட்டர். கரையிலிருந்து 50 மீட்டர் வரை உள்ள பகுதி அப்படத்தில் எவ்வளவு அகலம் இருக்கும்? கணக்கிடுங்கள்: இரண்டே மில்லிமீட்டர். வலை காயும் இடம், மீன் உணக்கும் களம், படகு ஏற்றும் துறை, கரைவலை இழுக்கும் மணல், குலதெய்வக் கோயில், ஏலக்கூடம் ஆகிய அனைத்தும் அவ்விரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். முதியவர் ஊரைத் தேடிக் காணாததில் வியப்பென்ன?

ஏறத்தாழ 1:4,000 அளவில், புல எண்ணோடு கூடிய ஊர்ப்படங்களும் வேண்டும் என்று அறிவிக்கையே கூறுகிறது. அவ்வளவில் 50 மீட்டர் என்பது ஒன்றே கால் செண்டிமீட்டராகும்; கண்ணுக்குத் தெரியும். மீனவர் ஊர்களையும், அவர்தம் பொதுவிடங்களையும், மீன் உணக்கும் களங்களையும், இறங்கு துறைகளையும் குறிக்க வேண்டும் என்றும், பெருகிவரும் குடும்பங்களின் நெடுங்கால வீட்டுத் தேவைக்குத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் 2011-ஆம் ஆண்டு அறிவிக்கையே விதித்தது. ஆனால், 2023-இல் தமிழகக் கடலோர மாவட்டங்களில் புதிய வரைவுப் படங்கள் மீது கருத்துக்கேட்பு அறிவிக்கப்பட்டபோது மீனவர் அமைப்புகள் எழுப்பிய குரல் என்ன? "எங்கள் ஊர்களும் பொதுவிடங்களும் இதில் முறையாகக் குறிக்கப்படவில்லை; வீட்டுத் திட்டம் இல்லை" என்பதே.

படத்தில் இல்லாதது நிலத்திலும் இல்லாமற் போகும். சென்னைக்கு வடக்கேயுள்ள எண்ணூர்க் கழியை எண்ணிப் பாருங்கள். 1996-இல் ஒப்புதல் பெற்ற படத்தில் இருந்த கழி, பின்னர் வந்த படத்தில் காணாமற் போனதென்று 2017-இல் சூழலாளர்கள் வெளிப்படுத்தினர். நீர் ஓடிக்கொண்டிருக்கிறது, மீனவன் இறால் தடவிக்கொண்டிருக்கிறான், தாளில் மட்டும் அது நீரன்று. அலைக்கும் கழிக்கும் இல்லாத ஆற்றல் ஓர் அலுவலகத்து எழுதுகோலுக்கு இருக்கிறது!

எத்தனை மீட்டர்? யாருக்கு?

"படத்தில் என்ன இருந்தால் என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். சொல்கிறேன். 2011-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி ஊரகக் கடலோரத்தில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை வளர்ச்சிப்பணி விலக்கப்பட்ட பகுதி. 2019 சனவரி 18-ஆம் நாளைய அறிவிக்கை, 2011 மக்கட்கணக்கின்படி ஒரு சதுரக் கிலோமீட்டரில் 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களில் அதனை 50 மீட்டராகச் சுருக்கியது. கழியோரங்களில் 100 மீட்டராக இருந்ததும் 50 ஆயிற்று. ஆனால், ஒரு தடை உண்டு. உரிய கலந்தாய்வு முறையில் வகுக்கப்பட்ட திட்டப் படம் ஒப்புதல் பெற்ற பின்னரே 50 மீட்டர் செல்லும். அதுவரை பழைய 200 மீட்டரே தொடரும்.

இப்பொழுது விளங்குகிறதா, அக்கூட்டத்தின் அருமை? அரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருந்த மீனவர், தமக்கே தெரியாமல், 150 மீட்டர் அகலக் கரையின் தலையெழுத்தை எழுதிக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் எழுந்து வந்தால், "கேட்டோம், மறுப்பில்லை" என்று பதிவாகும்.

"மீனவர் வீடு கட்டிக்கொள்ளத்தானே தளர்த்தினோம்?" என்பர். மீனவர்க்கு வீடு வேண்டும். அதில் எவர்க்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால், 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் இடையே கடலோரக் குடிகள் வீடு கட்டிக்கொள்ள 2011-ஆம் ஆண்டு அறிவிக்கையிலேயே இடமிருந்தது. புதிதாகத் திறக்கப்பட்ட வாயில் யாருக்கு? அதே 2019 அறிவிக்கை, உயர் ஓதக் கோட்டிலிருந்து 10 மீட்டர் விட்டுக் கடற்கரையிலேயே சுற்றுலாக் குடில்கள் போடவும் இடந்தந்துள்ளது என்பதை அறிந்தால் விடை கிடைக்கும்.

2004 திசம்பர் 26-ஆம் நாளை நாம் மறக்கவில்லை. ஆழிப்பேரலை நாகைக் கரையில் ஆயிரமாயிரம் உயிர்களை வாரிச் சென்றது. அதனை அடுத்து, 2005-இல் வெளியான மாநில அரசாணை, 200 மீட்டருக்குள் குடியிருந்தோர் அப்பால் புதுவீடு பெற வேண்டுமாயின் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. "கடலோரம் இடர் மிக்கது, அப்பால் செல்" என்று மீனவனை அனுப்பினர். 14 ஆண்டுகள் கழித்து, "50 மீட்டருக்கு அப்பால் கட்டலாம்" என்கின்றனர். மீனவனுக்கு 200 மீட்டரில் இடர். மற்றவர்க்கு 50 மீட்டரில் வாய்ப்பு! கடல் ஆள் பார்த்தா எழும்?

மேலே செல்வது எம்மொழியிலும். கீழே வருவது அவர்மொழியில்

மொழியால் மக்களை வெளியே நிறுத்துவது தவறிப்போய் நிகழ்வதன்று, அது கொள்கை. சான்று காட்டுகிறேன். 2020 மார்ச்சில், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்கு மாற்றாக ஒரு புதிய வரைவை நடுவணரசு கொணர்ந்தது. நாடே கொள்ளைநோயால் வீட்டுக்குள் அடைந்திருந்த காலம். வரைவோ இந்தியிலும் ஆங்கிலத்திலும். "மக்கள் கருத்தைக் கூறுக" என்றனர். வழக்கு எழுந்தது. 2020 சூன் 30-ஆம் நாள் தில்லி உயர்நயன்மன்றம், அரசியற் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதனை மொழிபெயர்க்குமாறு ஆணையிட்டு, கருத்துரைக்கும் நாளையும் ஆகத்து 11 வரை நீட்டித்தது.

மொழிபெயர்த்துத் தருவது அவ்வளவு பெரிய வேலையா? நடுவணரசு அதைச் செய்யாமல் உச்சநயன்மன்றத்துக்கு ஓடியது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டால் போதும் என்பது அதன் வழக்கு. 1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தையே திருத்துவது பற்றி எண்ணிப் பாருங்கள் என்று அங்கும் அறிவுரைதான் கிடைத்தது. சிந்தியுங்கள்: மக்களுக்கு விளங்கும்படி சொல்லுங்கள் என்று நயன்மன்றம் கூறியதை எதிர்த்து, விளங்காமல் இருக்கும் உரிமைக்காக ஓர் அரசு வழக்காடியது!

அரசியற் சட்டத்தின் 350-ஆம் பிரிவு, நாட்டில் வழங்கும் எம்மொழியிலும் குடிமகன் தன் குறையை அரசுக்கு எழுதலாம் என்கிறது. நல்ல பிரிவுதான். ஆயின், அதன் மறுபக்கம் எங்கே? கீழிருந்து மேலே செல்லும் முறையீடு எம்மொழியிலும் இருக்கலாம்; மேலிருந்து கீழே வரும் சட்டம் அவர்கள் மொழியில் மட்டுமே இருக்கும். இது குடியாட்சியின் இலக்கணமன்று. குடிகளை அடியராக எண்ணும் ஆட்சியின் இலக்கணம்.

தில்லியை மட்டும் சுட்டுவது நமக்கு எளிது. தமிழகத்தின் ஆட்சிமொழி தமிழ் என்று 1956-இலேயே சட்டம் இயற்றினோம். படத்தில் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதுவதைத் தடுப்பது எந்தத் தில்லி? கூட்டத்தில் ஆங்கிலத்தில் விளக்கும் அலுவலர் பேசுவது வீட்டில் எம்மொழி? நம் வாயிலில் நாமே தாழிட்டுக்கொண்டு, அயலான் அடைத்தான் என்று கூவுவது ஆண்மையன்று.

"தமிழில் இயலுமா?"

"இவை அறிவியற் செய்திகள், தமிழில் எப்படிச் சொல்வது?" என்று படித்த தமிழரே கேட்கின்றனர். கேட்பவர்க்கு நாணம் வேண்டும். நிலத்தை ஐந்தாகப் பகுத்து, கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று இலக்கணத்திலேயே கரைக்கு இடம் தந்த மொழி இது. கழி, கானல், துறை, எக்கர், கயவாய் என ஒவ்வொரு மடிப்புக்கும் சொல் வைத்த மொழி இது. அலை குவித்த மணல் மேட்டை எக்கர் என ஒரே சொல்லால் சொன்னவர் நாம். பழஞ்சொல் மட்டுமா? கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டும் கற்சுவருக்குத் தூண்டில் வளைவு என்று எவ்வளவு அழகாகப் பெயரிட்டுள்ளனர்! முத்துப்பேட்டைச் சேற்றில் வளர்ந்து அலையின் சினத்தை ஆற்றும் மரத்துக்கு அலையாத்தி என்று பெயரிட்டவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்? 'சுனாமி' என்னும் அயற்சொல் கரை புரண்டு வந்தபோதும் ஆழிப்பேரலை என்று சொல்லித் தமிழ் தலைநிமிர்ந்து நிற்கவில்லையா?

இங்கே என் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன், வகுப்பில் கொண்டல் என்றால் முகில் என்று சொல்லி மேலே சென்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, கொண்டல் கிழக்கிலிருந்து வரும் காற்று. கொண்டல் அடித்தால் என் அப்பா வலையை மாற்றுவார்" என்றான். வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான் என்று அவனே அடுக்கினான். நூலில் நான் தேடிய நெய்தல் என் முன் அமர்ந்திருந்தது, நான்தான் பார்க்கவில்லை. தூய தமிழைக் காக்கப் புறப்பட்ட நாம் மேடைகளிலும் மன்றங்களிலும் காத்தது போதும். சொற்கள் இன்னும் உயிரோடு உலவும் இடம் கரை. அக்கரை போனால், அச்சொற்கள் அகரமுதலியில் அடக்கமாகும். மொழிக்காப்பும் கரைக்காப்பும் வேறு வேறல்ல என்பது அன்று அச்சிறுவன் எனக்குக் கற்பித்த பாடம்.

"மீனவர்க்கு என்ன தெரியும்?" என்பது அடுத்த வாதம். எல்லாம் தெரிந்தவர்கள் செய்தவற்றைப் பார்ப்போம். சென்னையில் 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கினர். நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டால் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. கற்சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் ஊருக்குள் ஏறியது. நூறாண்டு கழித்தாவது பாடம் கற்றனரா? 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் எழுப்பினர். நகரின் கடற்கரைச் சாலையை ஒட்டியிருந்த மணல் கரைந்து கருங்கல்லே எஞ்சியது. 2018-இல் கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகே சிறிது மணல் மீண்டது. இவையெல்லாம் மீனவன் வரைந்த படங்களா? நாள்தோறும் நீரோட்டத்தைக் கையால் தொட்டு, காற்றை மூக்கால் அறிந்து, அதன்மேல் உயிரை வைத்துத் தொழில் செய்பவனின் அறிவு, மாதிரிக்கு ஒரு பருவம் மட்டும் அளந்து எழுதிய அறிக்கையை விடத் தாழ்ந்ததன்று. இரண்டும் ஒருங்கே அமர வேண்டும். அதற்கு இரண்டும் ஒரே மொழியில் பேச வேண்டும்.

மலைக்கு ஒரு முறை, கடலுக்கு ஒரு முறையா?

கூட்டத்துக்கு எத்தனை பேர் வரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையில் வரையறை இல்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டமே. ஆயிரம் பேர் மறுத்தாலும் திட்டம் நிற்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை. கேட்பது கடமை, ஏற்பது கடமையன்று! வேறு எங்கேனும் வேறு முறை உண்டா? உண்டு. ஒடிசாவின் நியமகிரி மலையில் கனிமம் தோண்ட முனைந்தபோது, 2013 ஏப்பிரல் 18-ஆம் நாள் உச்சநயன்மன்றம், அம்மக்களின் ஊரவைகளே முடிவு கூறட்டும் என்றது. 12 ஊர்கள் தத்தம் ஊரிலேயே கூடின. பன்னிரண்டும் மறுத்தன. அடுத்த ஆண்டு சனவரியில் நடுவணரசும் இசைவு மறுத்தது. 2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் அம்மலைமக்களுக்குத் துணைநின்றது.

காட்டில் வாழ்பவனுக்குக் காட்டின்மேல் உரிமை உண்டெனின், கரையில் வாழ்பவனுக்குக் கரையின்மேல் உரிமை ஏன் இல்லை? அவனுக்கு அத்தகைய சட்டம் இதுநாள்வரை இயற்றப்படவில்லை. அவன் வலை காயும் மணல், ஆவணத்தில் புறம்போக்கு. எந்த ஊர், எந்நாள், எந்தப் பாட்டில் வலையிடுவது என்று பழவேற்காட்டு மீனவர் தமக்குள் முறைவகுத்துக் காத்துவரும் பாட்டு முறை, ஆவணத்தில் ஒன்றுமில்லை. அப்பழவேற்காட்டை அடுத்த காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 சனவரி 22-ஆம் நாள் கருத்துக்கேட்பு என்று அறிவித்தனர், தள்ளிவைத்தனர். 2023 செப்தம்பர் 5-ஆம் நாள் என்றனர், மீண்டும் தள்ளிவைத்தனர். அம்மீனவர் வாய்மூடி இருந்திருப்பின் அந்நாள்கள் நமக்குத் தெரியாமலேயே கடந்திருக்கும்.

நாம் கேட்பவை

முழக்கமிட்டுக் கலைவதில் பயனில்லை. எனவே, திட்டவட்டமாகக் கேட்போம்:

1. கரையைத் தொடும் எத்திட்டமாயினும், சுருக்கம் மட்டுமன்றி முழு அறிக்கையும் தமிழில் வேண்டும். தமிழறிக்கை வெளியான நாளிலிருந்தே 30 நாள் கணக்கிடப்பட வேண்டும்.

2. ஏறத்தாழ 1:4,000 அளவிலான படம் ஒவ்வொரு மீனவர் ஊரிலும், ஊரார் வழங்கும் தமிழ்ப் பெயர்களோடு, மக்கள் பார்க்கும் இடத்தில் தொங்க வேண்டும். ஊரார் நடந்து காட்டிய பின்னரே வலைக்களமும் துறையும் பொதுவிடமும் குறிக்கப்பட வேண்டும்.

3. கருத்துக்கேட்பு மாவட்டத் தலைநகரில் அன்று. கரையிலுள்ள ஊரில், கடலுக்குப் போகாத நாளில், கடல்தொழிலாளரைக் கேட்டு வகுத்த நேரத்தில் நடக்க வேண்டும். மீன் விற்கும் பெண்டிர் பேச வாய்ப்பு இருக்க வேண்டும்.

4. கூட்ட முடிவில் தொகுப்பு தமிழில் படிக்கப்பட்டு, அதன் படி அன்றே ஊராரிடம் தரப்பட வேண்டும். ஒவ்வொரு மறுப்புக்கும் ஏற்றனரா, தள்ளினரா, என்ன கரணியம் என்று தமிழில் விடை வேண்டும்.

5. ஊரவையின் தீர்மானம் கட்டுப்படுத்துவதாக இருக்க வேண்டும். மலைமக்களுக்கு உள்ளதுபோல் கடல்மக்களுக்கும் உரிமைச் சட்டம் வேண்டும்.

இவை கிடைக்கும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. 'கிராம சபை' என்று அரசு கூட்டும் ஊரவை, சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாள் கூடுகிறது. கரையோர ஊர் ஒவ்வொன்றும் இக்கோரிக்கைகளைத் தமிழில் தீர்மானமாக்கட்டும். 350-ஆம் பிரிவைச் சுட்டித் தமிழிலேயே எழுதட்டும். எழுதத் தெரியாத இடத்தில் எழுதித் தர வேண்டியவர் யார்? நாம்தாம். தமிழாசிரியர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். ஆங்கிலத் தாட்கட்டுடன் உங்கள் வாயிலில் ஒருவர் வந்து நிற்கும்வரை காத்திராதீர்கள். விடுமுறை நாளில் கரைக்குச் செல்லுங்கள். அறிக்கையைத் தமிழாக்கிப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கூறும் காற்றின் பெயரையும் நீரின் பெயரையும் நிலத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். நாளை அரசின் படத்தில் ஏற வேண்டிய பெயர்கள் அவை.

அன்று கூட்டம் முடிந்து பேருந்தில் திரும்புகையில் அத்தோழர் என்னிடம் சொன்னார்: "நம்மைக் கேட்டார்கள் ஐயா. ஆனால், நாம் சொன்னதை அவர்கள் கேட்கவில்லை." தமிழில் 'கேட்டல்' என்னும் ஒரே சொல் வினாவுதலையும் குறிக்கும், செவிமடுத்தலையும் குறிக்கும். வினாவிவிட்டுச் செவியை மூடிக்கொள்பவன் பாதிக் கேட்டவன். இன்றைய ஆட்சி நம்மைப் பாதி கேட்கிறது. மறுபாதியைக் கேட்க வைப்பது நம் கடன்.

கரை நம்முடையது, மொழி நம்முடையது. கேட்பதாயின் எம் மொழியில் கேள், கேட்டதை ஏற்றுக்கொள்! இக்குரல் பழவேற்காட்டில் எழுந்து குமரி முனையில் எதிரொலிக்கட்டும்!